பழைய ரீடிங் தானாகப் போகணும்: எஸ்க்யூலைட்டில் செய்து பார்த்தது

மொட்டை மாடியில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் ஒரு டிஹெச்டி22 சென்சார், படிக்கட்டு அறையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர். நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸில் விழுகிறது. நாளுக்கு 1,440 வரி. வேலூர் சத்துவாச்சாரியில் கத்திரி வெயில் எந்த வருஷம் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு எனக்கு என்றைக்கும் வேண்டும். போன மாதம் ஏதோ ஒரு மதியம் 2:17-க்கு எவ்வளவு என்பது யாருக்கு வேண்டும்? 30 நாள் தாண்டிய நிமிடக் கணக்கு தானாகவே போய்விட வேண்டும்.

ரெடிஸ் என்ற டேட்டாபேஸாக இருந்தால் ஒவ்வொரு கீயோடும் (பதிவின் பெயர்) அதன் ஆயுளைச் சொல்லிவிட்டுப் போகலாம். மாங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸில் தேதி ஃபீல்டு மேல் டிடிஎல் (ஆயுள் வரம்பு) இண்டெக்ஸ் போட்டால், 60 விநாடிக்கு ஒருமுறை அதுவே பெருக்கித் தள்ளும். எஸ்க்யூலைட்டில் அந்த வசதி இல்லை. பின்னணியில் சர்வர் என்று எதுவும் ஓடாத வெறும் ஃபைல் அது. யார் வந்து பெருக்குவது?

முதலில், புது வரி சேரும்போதெல்லாம் பழையதை டிலீட் செய்யும் டிரிக்கர் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் எஸ்டி கார்டில் நிமிடத்துக்கு நிமிடம் கூடுதலாக எழுதுவது பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, ராத்திரி 3 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பும் கிரானில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட விட்டேன். அது மணிவாரியாகக் குறைந்தது, கூடியது, சராசரி மூன்றையும் இன்னொரு டேபிளில் எழுதிவிட்டு, அப்புறம் பழைய வரிகளை அழிக்கிறது. இரண்டும், நடந்தால் மொத்தமாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் (நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம்) சுருக்கமும் இல்லை, மூலமும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. டேபிளில் நேரம் இருக்கும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இருப்பதால் முழு டேபிளையும் துழாவாமல் பழையதை மட்டும் எடுக்கிறது.

இனிதான் சுவாரசியமே. அத்தனை வரி அழித்தும் ஃபைல் அளவு ஒரு பைட்டும் குறையவில்லை. சிலேட்டை அழித்தால் எழுத்து போகும், சிலேட்டா சுருங்கும்? காலியான பக்கங்களை எஸ்க்யூலைட் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்கிறது. ஃப்ரீலிஸ்ட்_கவுன்ட் என்ற பிராக்மா (எஸ்க்யூலைட்டின் உள்நிலையைக் கேட்கும் கட்டளை) அந்த எண்ணிக்கையைக் காட்டும். அழித்த உடனே எண் எகிறியது; பகல் முழுக்கப் புது ரீடிங் வந்து நிரப்ப நிரப்ப இறங்கியது. வேக்யூம் என்ற கட்டளை கொடுத்தால் ஃபைல் சுருங்கும்தான். அதற்கு ஃபைலையே புதிதாக எழுதும், ஃபைல் அளவைப் போல இரண்டு மடங்கு வரை காலி இடமும் கேட்கும். தினமும் அதே இடம் மறுபடி நிரம்பும்போது அது வீண் வேலை. நான் கொடுப்பதில்லை.

மணி மூன்று ஆகும்வரை காலாவதியான வரிகள் உள்ளேதான் இருக்கும். அதனால் கிராஃப் நேராக டேபிளைப் படிப்பதில்லை. 30 நாளுக்கு உட்பட்டதை மட்டும் காட்டும் ஒரு வியூவைப் (சேமித்து வைத்த தேடல்) படிக்கிறது. பார்ப்பவருக்கு நொடி பிசகாமல் காலாவதி ஆகிறது, அழிப்பது சாவகாசமாக நடக்கிறது. இந்தப் பிரிவினைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மிச்சம் இருப்பது கடிகாரம். பை 4-இல் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது; நேரத்தை நெட்டிலிருந்துதான் எடுக்கிறது. கரண்ட் வந்து, நெட் வராத நேரத்தில் பழைய மணியையே காட்டிக்கொண்டிருக்கும். நேரம் சரியாகும்வரை ரீடிங்கைப் பதியும் லாகரும் அழிக்கிற ஸ்கிரிப்டும் கிளம்பாதபடி, லினக்ஸில் புரோகிராம்களைக் கிளப்பும் சிஸ்டம்டியில் கட்ட வேண்டும். ஒரு ஆர்டிசி (பேட்டரிக் கடிகாரம்) மாட்யூலும் வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.