மண்டபம், ஐப்பசி – கார்த்திகை

நவம்பர் 9
வலிநோக்கம் உப்பளம். விடிகிற நேரத்தில் பறவை வலை. பறவைகளின் காலில் அடையாள வளையம் போடுகிறவர்கள் ஒவ்வொரு சிறகையும் விரித்து வானத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்கள். இறகுத் தண்டை ஒட்டி, இழைகளுக்கு நடுவே, பொடிப்பொடியாகக் கறுப்பு வரிசை: இறகுச் செள்ளு. கொசு உள்ளானில் கொஞ்சம். வளைமூக்கு உள்ளானில் அப்பிக் கிடந்தது.

நவம்பர் 10
மதுரையிலிருந்து போன் இல்லை.

நவம்பர் 11
எடுத்த செள்ளு எல்லாம் பெண்ணும் குஞ்சுகளும்தான். ஆண் இல்லாமல் இனத்தை உறுதியாகச் சொல்வது பெரும்பாடு. ஆணின் பின்பக்க மடல், ஒட்டு உறிஞ்சிகள், எந்த மயிர் எங்கே முளைத்திருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும், அதுவும் அரை மில்லிமீட்டர் உடம்பில். அவென்சோவாரியா என்கிற பேரினம் என்றுதான் தோன்றுகிறது. தோன்றுவதை லேபிளில் எழுதுவதா?

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “கோழிச் செள்ளாம்மா?” என்றார். கோழிச் செள்ளு ரத்தம் குடிக்கும் அக்கா, இது இறகில் இருக்கிற எண்ணெய், பூஞ்சையைத் தின்று பிழைக்கிறது என்றேன். நம்பவில்லை. துணியைக் கொதிநீரில் போடச் சொன்னார்.

நவம்பர் 13
பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கரண்ட் இல்லை. செள்ளை ஸ்லைடில் பதிக்கிற ஹோயர் திரவம் காற்றின் ஈரத்தையெல்லாம் இழுக்கிறது, ஸ்லைடு காய்ந்தபாடில்லை. அம்மா ரசம் மட்டும் சாப்பிட்டாள்.

நவம்பர் 14
உப்புக்கொத்தியையும் உள்ளானையும் ஒரே துணிப்பையில் அடுத்தடுத்துப் போட்டார்களாம். இப்போது சொல்கிறார்கள்! பையில் உதிர்ந்த செள்ளு அடுத்த பறவைமேல் ஏறிக்கொள்ளாதா? உள்ளானில் எடுத்த குப்பியில், வழக்கமாக உப்புக்கொத்தியில் இருக்கிற பைகோவ்ஸ்கியாட்டா என்கிற செள்ளு ஒன்று கிடக்கிறது. அது உள்ளானுடையதா, உப்புக்கொத்தியிலிருந்து பை வழியாக வந்ததா? இறகிலேயே முட்டையோ உரித்த தோலோ ஒட்டியிருந்தால் அங்கே குடியிருந்தது என்று நம்பலாம். மறுபடி எல்லா இறகையும் லென்ஸில் பார்த்தேன். இரவு பதினொன்றரை. அம்மா இரண்டு தரம் இருமினாள்.

நவம்பர் 15
முட்டை இல்லை. போன் இல்லை.

நவம்பர் 16
வளைமூக்கு உள்ளானில் ஆண் துணை சேர்ந்த கையோடு தெற்கே கிளம்பிவிடும். சைபீரியக் குளிரில் அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் தாய் மட்டும். அப்படியென்றால் குஞ்சுக்குச் செள்ளும் பெரும்பாலும் தாயிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை, இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17
ஆண் செள்ளு! வளைமூக்கு உள்ளானில்தான், லாக்டிக் அமிலத்தில் நன்றாகத் தெளிந்திருக்கிறது. மடல், உறிஞ்சி இரண்டும் துல்லியம். வரைய உட்கார்ந்தேன், மூன்றாம் கால் வரை ஆயிற்று. சாயங்காலம் போன் வந்தது. அம்மாவையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். காலை 5 மணி பஸ். நாலாம் காலை வந்து வரைய வேண்டும்.