காது வைத்த தொப்பி

பிப்ரவரி மாதம். மாஸ்கோ மெட்ரோவில் பார்த்திசான்ஸ்காயா நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் நல்ல வெயில். குளிரோ மைனஸ் 17. கம்பளிக் குல்லாய் போட்டிருந்தும் காது மடல் முதலில் எரிந்தது, கொஞ்ச நேரத்தில் மரத்தே போய்விட்டது. தேய்க்கப் போன என் கையை, அங்கே மருத்துவம் படிக்கும் சித்தி மகன் பிடித்துக்கொண்டான். "தேய்க்காதீங்கண்ணா, தோல் புண்ணாயிடும். முதல்ல தொப்பி வாங்கலாம், அப்புறம் சுத்திப் பார்க்கலாம்."

பக்கத்திலேயே இஸ்மாயிலவோ சந்தை. மத்ரியோஷ்கா பொம்மைக் கடைகளுக்கு நடுவே ரோமத் தொப்பிகள் குவிந்து கிடந்தன. பெயர் உஷான்கா. ரஷ்ய மொழியில் 'உஷி' என்றால் காதுகள்.

கடைக்காரப் பாட்டி ஒரு தொப்பியை எடுத்து, ரோமத்தில் வாயை வைத்து ஊதினார். நீண்ட பழுப்பு முடிகள் சுழித்து விலக, அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு தெரிந்தது. காற்றைப் பிடித்து வைத்துச் சூடு காப்பது அந்த அடுக்குதான். போலி என்றால் ஊதும்போது தோலுக்குப் பதில் துணி நெசவு தெரியுமாம். பாட்டி ஊதிக் காட்டியது ஒந்தாத்ரா என்ற நீர் எலியின் தோல். 1920களின் கடைசியில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த பிராணி. சோவியத் காலத்தில் பெரிய அதிகாரிகள் தலையில் ஒந்தாத்ரா, சாதாரண மக்கள் தலையில் முயல். நானும் முயலையே எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தொப்பிக்கு முன்னோடிகள் உண்டு. ரஷ்யக் குடியானவர்கள் போட்ட 'த்ரெயூஹ்', அதாவது மூன்று காது. புல்வெளி நாடோடிகளின் மலாஹாய். ரஷ்யப் புரட்சிக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரில், சைபீரியாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த தளபதி கோல்சாக்கின் படையினரும் இப்படி ஒன்றைப் போட்டார்கள். ஆனால் அவர்களை வென்ற கம்யூனிஸ்ட் அரசின் ராணுவமான செம்படையின் தலையில் இருந்தது கூர்முனை வைத்த புத்யோனவ்கா. கம்பீரமான தொப்பிதான். அதிலும் காதை மூட மடிப்பு உண்டு. ஆனால் எல்லாமே கம்பளித் துணி.

அது போதாது என்று 1939 நவம்பர் 30-இல் தொடங்கிய ஃபின்லாந்துப் போரில் தெரிந்தது. ஜனவரியில் குளிர் மைனஸ் 40-ஐத் தொட்டது. எதிரே நின்ற ஃபின்லாந்து வீரர்களுக்குக் காதை மூடும் ரோமத் தொப்பி. செம்படை வீரர்கள் துணித் தொப்பியோடு காட்டுப் பாதைகளில் சுற்றி வளைக்கப்பட்டு உறைந்தார்கள். அவர்களும் இருபது வயதுப் பிள்ளைகள்தானே? என் காது ஐந்து நிமிடம் பட்ட பாட்டை நினைத்தால் அந்த நாட்களை எண்ணவே முடியவில்லை. 105 நாளில் போர் முடிந்தது. 1940-இலேயே செம்படை உஷான்காவுக்கு மாறத் தொடங்கியது. ரஷ்யாவின் அடையாளம் என்று உலகமே நினைக்கும் தொப்பியை, அந்த ராணுவம் பனியில் அடிபட்ட பிறகுதான் தலையில் ஏற்றியது. சிப்பாய்களுக்குக் கிடைத்ததும் அசல் தோல் இல்லை, செயற்கை ரோமம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மீன் ரோமம்'.

பாட்டி தானே உச்சியில் இருந்த முடிச்சை அவிழ்த்து, காதுகளை இறக்கி, என் தாடைக்குக் கீழே கட்டினார். ராணுவத்தில் மைனஸ் 10-க்குக் கீழே போனால்தான் இப்படி இறக்கிவிடலாம் என்பது விதி என்று தம்பி சொன்னான். அவன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. சந்தையைப் பாதி சுற்றுவதற்குள் காதில் குறுகுறுவென்று ஊசி குத்தியது, பிறகு மெல்லச் சூடு ஏறியது.