ஒரே ஏற்பி, இரண்டு பெப்டைடுகள்

தைமோசின் ஆல்ஃபா-1, எல்எல்-37 ஆகிய இரண்டையும் 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பெப்டைடுகள்' என்று ஒரே மூச்சில் சொல்வது எனக்கு நீண்ட நாளாக நெருடலாக இருக்கிறது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி. இவ்விரண்டும் மனித உடலிலேயே உருவாகுபவைதான். ஆயினும் அவை செய்யும் வேலை வேறு வேறு.

தைமோசின் ஆல்ஃபா-1 என்பது 28 அமினோ அமிலங்களாலான சங்கிலி. ஆலன் கோல்ட்ஸ்டீன் குழுவினர் 1970களில் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். சில நாடுகளில் ஹெபடைடிஸ் பி நோய்க்கு மருந்தாகவே பயன்படும் அது, அமெரிக்காவில் ஒப்புதல் பெறவில்லை. எல்எல்-37 இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. 'எல்' என்று குறிக்கப்படும் லியூசின் அமினோ அமிலங்கள் இரண்டில் தொடங்கி 37 அமினோ அமிலங்கள் கொண்டதால் அதற்கு அந்தப் பெயர். தன் நேர்மின்னூட்டத்தால் பாக்டீரியாவின் சவ்வைப் பற்றிச் சிதைக்கக்கூடியது.

என்னை வியக்க வைத்தது டிஎல்ஆர்9 என்னும் ஏற்பி, அதாவது குறிப்பிட்ட பொருளை உணர்ந்து செல்லைத் தூண்டும் புரதம். செல்லுக்குள் இருந்துகொண்டு அந்நிய டிஎன்ஏவை அடையாளம் காணும் இந்த ஏற்பியின் வழியாகத்தான் தைமோசின் ஆல்ஃபா-1, நோய் எதிர்ப்பைத் தொடங்கிவைக்கும் டெண்ட்ரிடிக் செல்களிடம் தன் வேலையின் ஒரு பகுதியைச் செய்கிறது. அதே வழியில் அழற்சியைத் தணிக்கும் செயல்களையும் அது தூண்டுவதுண்டு. எல்எல்-37 அதே ஏற்பியை அடைவதோ, சொரியாசிஸ் என்னும் தோல் நோயில், மடிந்த சொந்தச் செல்களின் டிஎன்ஏவோடு பிணைந்து, அதை டெண்ட்ரிடிக் செல்லுக்குள் கடத்திச் சென்று, உடல் தன்னையே தாக்கும்படி செய்வதற்காக என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. 'கூட்டுதல்' என்ற சொல் இங்கே முற்றிலும் பொருந்தவில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் இதையே சொல்கின்றன. தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் செப்சிஸ் நோயாளிகள் 361 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், தைமோசின் பெற்றவர்களில் 28 நாள் இறப்பு 26 சதவீதமாகவும் பெறாதவர்களில் 35 சதவீதமாகவும் இருந்தது நம்பிக்கை அளித்தது. ஆனால் 1,106 பேரைக் கொண்டு 2025இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பலன் இருக்கலாம், இளையவர்களுக்கு அப்படி இல்லை என்ற குறிப்பு மட்டும் எஞ்சியது.

காலில் ஏற்படும் சிரைப் புண்களுக்கு எல்எல்-37 பூசிப் பார்த்த 2014ஆம் ஆண்டின் சிறிய சோதனையில், மில்லிலிட்டருக்கு 0.5, 1.6 மில்லிகிராம் அளவுகள் புண் ஆறுவதை விரைவுபடுத்தின, 3.2 மில்லிகிராம் அப்படிச் செய்யவில்லை.