மஞ்சள் ஏறிய டாக்குமார்

2024 நவம்பர் 9, சனி

இன்றும் வெயில் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

வெள்ளைத்தாளின்மேல் லென்ஸை வைத்துப் பார்த்தேன். இடக்கண்ணுக்கு மஞ்சள் தெளிவாகத் தெரிகிறது. வலக்கண்ணுக்குத் தாளே மஞ்சளாகத்தான் தெரிகிறது. இது சூப்பர் டாக்குமார் 50 எம்.எம்., எஃப் 1.4, ஏழு கண்ணாடிகள் கொண்ட வகை. ஒளியை நன்றாக வளைக்க வேண்டும், ஆனால் நிறங்கள் பிரிந்து சிதறக் கூடாது என்பதற்காக, அந்தக் காலத்தில் இதைச் செய்த ஜப்பானியக் கேமரா நிறுவனமான அசாஹி மட்டுமன்றி வேறு சில நிறுவனங்களும் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்த்தன. அந்தத் தோரியத்தின் கதிர்வீச்சே ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் இறங்கிவிடும் என்பதால், அடியில் அலுமினியத் தாளை விரித்து, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டி ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் சென்னையில் வெயிலை யாரிடம் போய்க் கேட்பது?

நவம்பர் 13, புதன்

வலக்கண்ணுக்கு டிசம்பர் 5ஆம் தேதி என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

தோரியத்தைப் பற்றி எதையோ படித்துவிட்டு வந்த மகள், குழந்தை தூங்கும் அறையில் இந்த லென்ஸ்களை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். சில அடி விலகினாலே கதிர்வீச்சு மிகவும் குறைந்துவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் என்பதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். அதைக் கேட்டதும் பேச்சு முடிந்துவிட்டது. லென்ஸ்களை ஈரம் படாமல் வைக்கும் டிரை கேபினட் கூடத்துக்கு வந்தாயிற்று.

நவம்பர் 20, புதன்

பகல் முழுவதும் அசாஹியின் ஸ்பாட்மேட்டிக் கேமராவோடு கழிந்தது. 1964இல் சந்தைக்கு வந்த மாதிரி இது. லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள பொத்தானை மேலே தள்ளியதும் வ்யூஃபைண்டர் சற்று இருள, வெளிச்சத்தை அளக்கும் வலப்பக்க முள் அசைந்து எழுந்து நடுவில் நிற்கிறது. பாதரச பேட்டரிகள் விற்பனையிலிருந்து மறைந்தபின் அக்காலத்துக் கேமராக்கள் பலவற்றின் மீட்டர்கள் தப்புக்கணக்குச் சொல்கின்றன. இதற்குள் இருப்பது பிரிட்ஜ் சர்க்யூட் என்பதால், இன்று கடையில் கிடைக்கும் சில்வர் ஆக்சைடு பேட்டரியைப் போட்டாலும், மின்னழுத்தம் சற்றுக் கூடியிருப்பதைப் பொருட்படுத்தாமல் முள் சரியாகவே காட்டுகிறது. லைக்கா கேமரா சேர்ப்பவர்கள் அட்டைப்பெட்டியைக்கூடப் பூட்டிவைக்கட்டும். பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் கையில் அடிபட்டும் உழைத்த கே1000 போன்ற கேமராவை 1976 முதல் 1997 வரை விடாமல் விற்ற நிறுவனத்தின் பொருள்களே எனக்குப் போதும்.

நவம்பர் 24, ஞாயிறு

பதினொரு மணிவரை நல்ல வெயில் அடித்தது. மஞ்சள் குறைந்திருக்கிறது என்று நான் சொன்னேன். இல்லை என்றாள் மகள்.

நவம்பர் 25, திங்கள்

அசாஹி நிறுவனரின் சகோதரர் தகுமா கஜிவாரா, அமெரிக்காவில் புகைப்படக் கலைஞராகப் பெயர் பெற்றுப் பின்னர் ஓவியரானவர். டாக்குமார் என்பது அவர் பெயரிலிருந்து வந்தது. ஓவியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய கண்ணாடியில் நிறம் மாறினால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

நவம்பர் 30, சனி

இன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடக்கிறது. காலையிலேயே மின்சாரம் போய்விட்டதால் டிரை கேபினட் ஓடவில்லை. நாற்பத்தைந்தில் இருந்த ஈரப்பத முள் எழுபதை நெருங்குகிறது. மஞ்சள் ஏறினால் வெயில் போக்கும்; பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இருந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களையெல்லாம் உள்ளே போட்டுவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரைமணிக்கொருமுறை முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான்.

டிசம்பர் 2, திங்கள்

இதே டாக்குமாரில் எட்டுக் கண்ணாடி கொண்ட பழைய வகை ஒன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதில் தோரியம் கிடையாது, ஆகவே மஞ்சளாகும் பேச்சே இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், லென்ஸின்மேல் பொறித்த 4 என்ற எண்ணுக்கு எந்தப் பக்கம் அகச்சிவப்புக் குறி நிற்கிறது என்பதை வைத்தே வகையைப் பிரித்தறிய வேண்டும். விற்பவர் அனுப்பிய படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தச் சிவப்புக் கோடு எனக்குப் பிடிபடவில்லை. மகளைக் கூப்பிட்டால் விலையைக் கேட்பாள். வியாழனுக்குள் வேறு கோணத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி எழுதியிருக்கிறேன்.