புள்ளி இல்லாத 25

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

எட்டு மாதங்களாக இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் எழுதிவரும் கேம் (CAM) நிரல், அதாவது வரைபடத்தை உலோகம் வெட்டும் மெஷினுக்கான கட்டளைகளாக மாற்றும் நிரல், நடுவே வெட்டாமல் விட வேண்டிய இரண்டு தீவுகள் உள்ள ஒரு குழியை இன்றுதான் முதன்முறையாகப் பிழையின்றிச் சுற்றி வந்தது. டிஎக்ஸ்எஃப் கோப்பாக வரும் வரைபடத்தைப் படிப்பது, சுழன்று வெட்டும் கட்டரின் ஆரத்துக்கு ஏற்ப விளிம்பை உள்ளே தள்ளுவது (ஆஃப்செட்), அதன்படி மெஷினுக்கான கட்டளை வரிகளான ஜி-கோடை எழுதுவது ஆகிய மூன்றே வேலைகள்தான் அதற்கு. நடுவில் உள்ளதுதான் ஆளைத் தின்கிறது. நானே எழுதிய ஆஃப்செட் கணக்கு, ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தசமத்தின் கடைசி இலக்கங்களில் தடுமாறி, விளிம்புக்கு வெளியே ஒரு முள்ளை நீட்டிவிடும். அதை விட்டுவிட்டு, ஆங்கஸ் ஜான்சன் எழுதிய கிளிப்பர் நூலகத்துக்கு மாறினேன். 1992-இல் பாலா வாட்டி வெளியிட்ட பலகோண வெட்டு முறையை அடிப்படையாகக் கொண்ட அது, புள்ளிகளின் ஆயங்களை முழு எண்களாகவே வைத்துக் கணக்கிடுகிறது. நான் மில்லிமீட்டரை லட்சத்தால் பெருக்கிக் கொடுத்து, விடையை லட்சத்தால் வகுத்து வாங்கிக்கொள்கிறேன். மூன்று மாத உழைப்பை அழித்தபோது வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

14 செப்டம்பர், ஞாயிறு

கிளிப்பருக்கு வட்டம் தெரியாது, நேர்கோடுகள் மட்டுமே தெரியும். 40 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை, நாணுக்கும் வில்லுக்கும் இடையே 0.01 மி.மீ. பிழையை அனுமதித்து உடைத்தால் 141 துண்டுகள், 0.001 என்று இறுக்கினால் 445 துண்டுகள். இறுக்குவதுதானே நல்லது என்று எண்ணி 445-ஐயே எடுத்துக்கொண்டு, கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாவிடம் காலையிலேயே போய்விட்டேன்.

அவருடைய வி.எம்.சி. (ஜி-கோடுப்படி உலோகத்தை வெட்டும் மெஷின்) பழையது. நினைவகம் சிறியது என்பதால், ஓரத்தில் இருக்கும் கணினியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக 4800 பாடு (நொடிக்கு 4800 பிட்) வேகத்தில் நிரல் வரிவரியாக ஊட்டப்படுகிறது. எழுத்துக்குப் பத்து பிட் என்றால் நொடிக்கு 480 எழுத்துகள். என் வரி ஒன்றுக்குச் சராசரி 16 எழுத்துகள். ஆக நொடிக்கு 30 வரிகள்தான் வந்து சேரும். துண்டு ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், கட்டர் நகரும் வேகமான ஃபீடோ நிமிடத்துக்கு 1200 மி.மீ.; எனவே மெஷினுக்கு நொடிக்கு 35 வரிகள் வேண்டும். இந்தக் கணக்கை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் போட்டேன். அண்ணா காதாலேயே கண்டுபிடித்துவிட்டார்: "மிசின் திக்குதுங்க தம்பி." வரிக்காகக் காத்து நின்ற இடங்களிலெல்லாம் கட்டர் அலுமினியச் சுவரைத் தேய்த்து, நகத்தால் தடவினால் இடறும் அளவுக்குக் கோடு போட்டிருந்தது.

இரவில் இரண்டு வேலைகளைத் தொடங்கினேன். ஒன்று, ஒரே வட்டத்தில் அமையும் புள்ளிகளைத் தேடி எடுத்து மீண்டும் ஜி2, ஜி3 என்ற வில் கட்டளைகளாக மாற்றுவது. மற்றொன்று, வரிகளைச் சுருக்க எண்களின் பின்னால் வரும் வெற்றுச் சுழியங்களை வெட்டுவது.

21 செப்டம்பர், ஞாயிறு

வில்கள் நன்றாக வேலை செய்கின்றன. 445 வரி வட்டம் இரண்டு வரிகளாகிவிட்டது. வீட்டில், மெஷின்களை இயக்கும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி-யில் ஓட்டிப் பார்த்தும் குறை எதுவும் தெரியவில்லை. பட்டறையில் தெரிந்தது.

புது நிரல் எதுவானாலும் அண்ணா ஜாப்பின் ஜீரோவை, அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் இடத்தை, 50 மில்லி மேலே தூக்கிவைத்து, காற்றில்தான் முதலில் ஓட்டுவார். ஒரு குழியை முடித்து அடுத்த குழிக்குப் போகும்போது, ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தாண்டுவதற்காக இசட் 25-க்கு (25 மி.மீ. உயரத்துக்கு) எழும்ப வேண்டிய கட்டர், எழும்பாமலேயே கிளாம்புக்கு நேர் மேலாக வேகமாகக் கடந்தது. அண்ணா உடனே நகர்வை நிறுத்தும் ஃபீடு ஹோல்டை அழுத்தினார். திரையில் இசட் 0.025 என்று இருந்தது. நிரலை வரிவரியாக மேலே நகர்த்திக் கொண்டுபோய், ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இருவத்தஞ்சுக்குப் பொறகு புள்ளி எங்கீங்க தம்பி?"

துளைநாடாக் காலத்தில் எண்களில் புள்ளி கிடையாது. இலக்கங்களை மட்டும் குத்துவார்கள், மெஷின் அவற்றைத் தன் மிகச்சிறிய அலகில் எண்ணிக்கொள்ளும். அந்த வழக்கம் அண்ணாவின் மெஷினை இயக்கும் கன்ட்ரோலரில் இன்னும் இருக்கிறது. புள்ளியோடு 25. என்று எழுதினால் 25 மில்லிமீட்டர். புள்ளி இல்லாவிட்டால் 25 மைக்ரான். லினக்ஸ்சிஎன்சி இரண்டையும் 25 மில்லிமீட்டராகவே படிக்கும் என்பதால் வீட்டில் இது வெளிப்படவில்லை. சுழியங்களை வெட்டிய என் நிரல் 25.000-இல் மூன்று சுழியங்களோடு நிற்காமல், தனித்து நின்ற புள்ளி அழகாக இல்லை என்று அதையும் வெட்டியிருந்தது. 31.42 போன்ற எண்கள் பிழைத்துக்கொண்டன; முழு எண்கள் மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கின. ஜீரோ தூக்கப்படாமல் இருந்திருந்தால், கட்டர் கிளாம்பின் பக்கவாட்டில் முழு வேகத்தில் போய் மோதியிருக்கும்.

28 செப்டம்பர், ஞாயிறு

திருத்தம் ஒரே வரி. அதற்கான சோதனைக்கு நாள் முழுதும் ஆயிற்று: என் ஜி-கோடை நானே திரும்பப் படித்து, புள்ளியில்லாத ஆயம் ஒன்று கிடைத்தாலும் கோப்பை எழுத மறுக்கும் பகுதி அது. இடையில், ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் ஜி-கோடு எழுதும் பகுதிகளான போஸ்ட் புராசசர்களைப் பிரித்துப் படித்தேன். பைத்தானில் எழுதப்பட்டு எல்லோருக்கும் திறந்து கிடப்பவை. அவற்றில் ஃபீடு உள்ளே நொடிக்கணக்கில் இருந்து, வெளியே எழுதும்போதுதான் அறுபதால் பெருக்கப்படுகிறது. நான் இன்னும் விழாத குழி ஒன்று அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

பட்டறையில் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டிருந்தார்கள். பொரியும் சுண்டலும் கையில் கொடுத்துவிட்டு அண்ணா கேட்டார்: "பம்பு மூடிக்குப் பேட்டர்ன் பிளேட்டு ஒண்ணு வந்திருக்குதுங்க. உங்க புரோகிராம்ல நூத்துக்கு ஒண்ணு கூட்டிக்க முடியுங்களா?"

5 அக்டோபர், ஞாயிறு

வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்குவதால், 300 மி.மீ. மூடிக்கு, மணலில் அச்சுப் பதிக்கும் பேட்டர்ன் 303 இருக்க வேண்டும். எல்லாவற்றையும் 1.01-ஆல் பெருக்கினால் போதும் என்று நினைத்துக் கடைசிப் படியில், ஆஃப்செட்டுக்குப் பிறகு பெருக்கிவிட்டேன், 5 மி.மீ. கட்டர் ஆரமும் 5.05 ஆகி, சுவர் 0.05 மில்லி நகர்ந்தது. இப்போது வரைபடத்தைப் படித்தவுடனேயே பெருக்குகிறேன். அப்படியும் பிளேட்டின் ஓரத்தில் உள்ள பின் துளைகள் பெருகக் கூடாது. அவை மணல்பெட்டியின் பின்களில் போய் உட்கார வேண்டியவை, பெட்டி சுருங்குவதில்லை. வரைபடத்தில் 'பெட்டி' என்று ஒரு தனி லேயர் வைத்து, அதில் இருப்பவற்றைத் தொடாமல் விடுகிறேன். அண்ணா செவ்வாய்க்கிழமை வரைபடம் அனுப்புகிறார். கிளாம்புகள் எங்கே வரும் என்பதையும் அதில் வரைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.