போர்ட் மோர்ஸ்பி இன்னும் நம் கையில்தான்: 1942 மே நிலவரம்

'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' ஆட்டத்தில் நான் நேச நாடுகள் பக்கம், ஜப்பானை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஒரு டர்ன் ஒரு நாள். ரபவுல், லே இரண்டு தளங்களும் வரலாற்றில் போலவே ஜப்பான் கைக்குப் போய்விட்டன. நியூ கினியின் தென்கரையில் மிச்சமிருப்பது போர்ட் மோர்ஸ்பி. அது விழுந்தால் அடுத்து ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரத்தின் தலைக்கு மேல் குண்டு விழும்.

காலாட்படையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசியல் புள்ளிகளை (படைகளை இடம் மாற்ற ஆட்டம் கேட்கும் விலை) செலவழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பிரிகேடை விடுவித்து இறக்கினேன், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆட்களைக் குவித்தால் சோறு போட முடியாது. சிறிய துறைமுகம், சரக்கு இறங்க நேரமாகும். பெரிய கப்பலை அனுப்பினால் பாதி இறக்குவதற்குள் ரபவுலிலிருந்து 'பெட்டி' (Betty) என்ற ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிடும். அதனால் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள், இரண்டு மூன்றாக. இறக்கியதும் நிற்காமல் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு.

உண்மையான தலைவலி நம் கிட்டிஹாக் போர்விமானப் படைதான். லே சுமார் முந்நூறு கிலோமீட்டர்தான். ஜப்பானின் ஜீரோ போர்விமானங்கள் நடுவிலுள்ள ஓவன் ஸ்டான்லி மலையைத் தாண்டியதும் தலைக்கு மேல் நிற்கின்றன. நம் விமானங்கள் உயரம் ஏறுவதற்குள் சண்டை பாதி முடிந்துவிடும். மொத்தப் படையையும் வான்காவலில் போட்டால் இரண்டே நாளில் பைலட்டுகளின் சோர்வு எண் எகிறுகிறது, பழுதான விமானங்களின் வரிசை நீள்கிறது. அதனால் பாதிப் பேர் காவல், மீதிப் பேர் ஓய்வு. சோர்வு 30ஐத் தாண்டினால் படை முழுவதும் டவுன்ஸ்விலுக்கு. அன்று குண்டு விழட்டும், ஓடுதளத்தைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நிஜத்தில் ஆஸ்திரேலியாவின் 75-ஆவது ஸ்குவாட்ரனுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. மார்ச் முதல் மே வரை 44 நாள் அங்கேயே நின்று தேய்ந்துபோனது. அதன் தலைவர் ஜான் ஜாக்சனும் ஏப்ரல் 28 அன்று இறந்தார்.

சரி, படையெடுப்புக்கு வருவோம். ரபவுலிலிருந்து வரும் துருப்புக் கப்பல்கள் தீவின் கிழக்கு வாலைச் சுற்றித்தான் வர வேண்டும். ஆகவே துறைமுகத்துக்கான சண்டையை அந்த வால் பக்கமுள்ள ஜோமார்டு கால்வாயிலேயே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தேன். கடலினா (Catalina) ரோந்து விமானங்கள் கிழக்கை மட்டும் துழாவின. லெக்சிங்டன், யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிகள் இரண்டும் பெட்டி விமானங்கள் எட்டும் எல்லைக்கு வெளியே, தெற்கே காத்திருந்தன. மே முதல் வாரத்தில் ஜப்பானியக் கப்பல் கூட்டம் கண்ணில் பட்டது. பி-17 கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் உயரத்திலிருந்து கடலுக்கு மட்டும் குண்டு போட்டன (வழக்கம்தான்!). விமானந்தாங்கிகளின் டைவ் பாம்பர்கள் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுபவை) துருப்புக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டன. நாலைந்து எரிய, மிச்சம் வடக்கே திரும்பிவிட்டது.

ஜப்பானின் பெரிய விமானந்தாங்கிகள் தலைகாட்டவே இல்லை. அதுதான் உறுத்துகிறது. அவை எங்கே என்று தெரியும்வரை யார்க்டவுனை நியூ கலிடோனியாவின் நூமேயா துறைமுகத்துக்கு எரிபொருள் நிரப்ப அனுப்பப் போவதில்லை. அடுத்த டர்னில் பொறியாளர் படை ஒன்று நியூ கினியின் கிழக்கு முனையிலுள்ள மில்ன் விரிகுடாவுக்குக் கிளம்புகிறது. அங்கே ஓர் ஓடுதளம் போட்டுவிட்டால் கடலினாக்களுக்கு இவ்வளவு தூரம் பறக்கும் வேலை மிச்சம்.