லிம்போ படத்தின் தீவுகளில்: காற்று, டாக்சி, சால்மன்

‘லிம்போ’ படம் எடுத்த தீவுகளைப் பார்த்துவிட்டு நேற்றுதான் கிளாஸ்கோ திரும்பினேன். காதுக்குள் இன்னும் இரைச்சல். அப்படி ஒரு காற்று! செலவுக் கணக்கை முதலில் எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் படத்தைச் சொல்லாமல் கணக்கைச் சொல்ல மனசு வரவில்லை.

பென் ஷாராக் எழுதி இயக்கிய 2020ஆம் வருடத்து பிரிட்டிஷ் படம் இது. சிரியாவிலிருந்து தப்பி வந்த ஓமர், ஸ்காட்லாந்தில் பெயர் சொல்லப்படாத ஒரு தீவில், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்துக் கிடக்கிறான். தாத்தாவின் ஊத் என்ற நரம்பு வாத்தியத்தைப் போகிற இடமெல்லாம் சுமக்கிறான், வாசிப்பதில்லை. உடன் தங்கியிருக்கும் ஆப்கானியர் ஃபர்ஹாத், பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் பரம ரசிகர். இந்த ஊரில் பெண்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் இருவர் அகதிகளுக்கு நடனமாடிக் காட்டி வகுப்பெடுக்கும் காட்சிக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே ஓமர் வெட்டவெளியில் நிற்கும் டெலிபோன் கூண்டிலிருந்து அம்மாவிடம் பேசும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவில் 2021இல் இரண்டு பிரிவுகளில் பரிந்துரையானது. விருது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

படம் எடுத்தது ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், வெளி ஹெப்ரிடிஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள யூயிஸ்ட் தீவுகளில். கிளாஸ்கோவிலிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஸ்கை தீவின் யூயிக் துறைமுகம். அங்கிருந்து ஒன்றே முக்கால் மணி நேரக் கப்பலில் வடக்கு யூயிஸ்டின் லாக்மேடி. கார் இல்லாமல் போனால் கப்பல் டிக்கெட் பத்து பவுண்டுக்குள்தான். பணம் கரைவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை இங்கே பஸ் கிடையாது. வடக்கு யூயிஸ்டில் கிறிஸ்தவ ஓய்வுநாளான ஞாயிறை இன்றும் மதிக்கிறவர்கள் நிறைய. அது அவர்கள் ஊர் வழக்கம், எனக்குப் புகார் இல்லை. புகாரெல்லாம் டாக்சிக்காரர் மேல்தான். போனில் 25 பவுண்ட் என்றார். இறங்கும்போது 40. “ஞாயிற்றுக்கிழமை ரேட்” என்று ஒரே வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லித்தானே கூப்பிட்டேன்! மழையில் பையோடு நிற்கிறவளிடம் பேரம் பேச என்ன இருக்கிறது? கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் இன்னொரு கணக்கு மனதில் ஓடியது. 2024இல் பிரிட்டனில் புகலிடம் கேட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு, சமைத்துச் சாப்பிடும் வீட்டில் தங்கியிருந்தால், வாரத்துக்கு 49.18 பவுண்ட். சாப்பாடு, சோப்பு, போன் எல்லாம் அதற்குள். முதல் வருடம் வேலைக்கும் போகக்கூடாது. என்னுடைய ஒரு டாக்சிச் சவாரி அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம்.

கிளாஸ்கோவில் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவும் அப்படிப் புகலிடம் கேட்டுக் காத்திருந்தவர்தான். அந்த வருடங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். “போஸ்ட்காரன் வாற நேரம் நெஞ்சு திக்கெண்டும், தங்கச்சி” என்று ஒருமுறை சொன்னார். படம் பார்க்கும்போது அவர் ஞாபகம்தான்.

மறுநாள் பஸ்ஸில் தெற்கே போனேன். தீவுகளைக் கடல்மேல் போட்ட தாம்போதிகள் கோர்த்திருக்கின்றன. மரம் என்று ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். சதுப்பு, ஏரி, ஒற்றைத் தடச் சாலை, எல்லாவற்றுக்கும் மேலே வானம். இவ்வளவு அகலமான இடத்தை ஷாராக் கிட்டத்தட்டச் சதுரமான சட்டகத்துக்குள் அடைத்திருக்கிறார். கடைசிக் கட்டத்தில்தான் திரை விரிகிறது. வீட்டில் பார்த்தபோது அது இயக்குநரின் அழகுணர்ச்சி என்று கடந்துபோனேன். அடுத்த பஸ்ஸுக்குக் கூரையில்லாத நிறுத்தத்தில் நின்றபோது உறைத்தது. நான்கு பக்கமும் திறந்து கிடக்கிறது, ஆனால் நடந்து போய்ச் சேர ஓர் இடமில்லை. தயவுசெய்து கார் எடுக்காதீர்கள். காரில் போனால் இது வெறும் அழகான தீவு.

சாப்பாடு! சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற மக்கிய மண்கட்டியின் புகையில் வாட்டிய சால்மன். புகை வாசம், லேசான இனிப்பு, தொட்டால் இதழ் இதழாகப் பிரிகிற மீன். சாண்ட்விச் விலை பார்த்துத் தயங்கினேன். சாப்பிட்டு முடித்ததும் இன்னொன்று வாங்கினேன். இரவுச் சாப்பாடு பிஸ்கெட்டும் டீயும் ஆனது. பரவாயில்லை.

வடக்கு யூயிஸ்டை ஒட்டிய பெர்னரே தீவில் கூரை வேய்ந்த பழைய வீட்டையே ஹாஸ்டலாக வைத்திருக்கிறார்கள். அங்கே தங்கி, ஒரு மணி நேரக் கப்பலில் ஹாரிஸ் போய், பஸ் பிடித்து லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே வரை போனேன். படத்தின் கதை கற்பனை. ஸ்டோர்னோவேயில் சிரியக் குடும்பங்கள் நிஜமாகவே குடியேறியிருக்கின்றன. 2018 மே மாதம், ரமலானுக்குச் சற்று முன்பு, ஊரின் முதல் மசூதி திறந்தது. ஓய்வுநாளை இத்தனை கண்டிப்பாகக் காக்கிற ஊரில்! அந்த வடக்கில் கோடை ரமலான் என்றால் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நோன்பு. வெளியே நின்று பார்த்தேன், சின்னக் கட்டடம். ஷாராக் இந்த ஊரிலும் ஒரு படம் எடுக்க வேண்டும், காத்திருப்பு முடிந்தவர்களைப் பற்றி.

போகிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, பால், முட்டை வாங்கி வைத்துவிடுங்கள். டாக்சி வாடகையை மெசேஜில் எழுதி வாங்குங்கள். குடை வேண்டாம், காற்று ஒடித்துவிடும். நல்ல மழைக்கோட்டுக்குச் செலவழியுங்கள்.